அடுகோடியில் ஒலித்த நற்செய்தி வானொலி

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமைக்கு அடுத்த அதிகாரம் தந்தார். அதன்பின் கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் அமைத்த பிறகே அறிவுடைமையைப் பேசத் தொடங்கினார். ஏட்டைக் கற்க இயலாதவனும் செவிவழியே அறிவு பெறலாம் என்பது அவ்வைப்பு முறையிலேயே விளங்கும். வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் பட்டிமண்டபமும் வளர்ந்த நாட்டில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இருபதாம் நூற்றாண்டில் அச்செவிக்குத் திறந்த புதிய வாயில் வானொலி. பிழைப்பு நாடி மொழி வேறான ஊரில் குடியேறிய நம் போன்ற குடும்பங்களுக்கோ, தாய்மொழி வீட்டிற்குள் நுழைந்த சாளரமும் அதுவே.

அச்சாளரத்தின் ஒரு சிறு பலகணியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன். பெங்களூரின் அடுகோடியில், என் இளமைக்காலத்தில், மாலை தவறாது ஒலித்த நற்செய்தி வானொலி அது. நான் கிறிஸ்தவன் அல்லன். நடுச்சுவர் ஒன்றே தடுத்த அடுத்த வீட்டில் ஒலித்ததை இப்பால் இருந்து கேட்டவன். ஆகவே இதனைச் சமயக் கட்டுரையாகக் கொள்ளாமல், ஒரு குடியிருப்பின் வரலாறாகவே அன்பர்கள் கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'எங்கள் வானொலி' என்று அடுகோடி மக்கள் உரிமையோடு குறிப்பிட்ட அந்நிலையத்தின் கோபுரம் அடுகோடியில் இல்லை, பெங்களூரில் இல்லை, இந்திய மண்ணிலேயே இல்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் அலைபரப்பும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியிருந்தது. விடுதலைக்குப் பின்னும் அகில இந்திய வானொலி ஒன்றே நாட்டின் குரல். காலைப் பக்திப் பாடல்களிடையே கிறிஸ்தவப் பாடல் ஒன்றையும் இசுலாமியப் பாடல் ஒன்றையும் அது சேர்த்து ஒலிபரப்பிய பண்பு பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு திருச்சபையோ மடமோ பள்ளிவாசலோ தானே ஒரு நிலையம் அமைத்துப் பேச வழி இல்லை. எனவே அடுகோடித் தமிழருக்குரிய நற்செய்தி, கடலைக் கடந்து சென்று, கடலைக் கடந்தே திரும்பி வரவேண்டியதாயிற்று.

அடுகோடி ஓசூர்ச் சாலையில் அமைந்த பகுதி. 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயர் படைத்தளம் அமைத்த நாள்தொட்டு வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இந்நகருக்கு வந்தவண்ணம் இருந்தன. 1951இல் தொடங்கிய மைக்கோ தொழிற்சாலை, அடுகோடியைத் தொழிலாளர் குடியிருப்பாக மாற்றியது. எரிபொருள் செலுத்தும் பம்புகளும் தீப்பொறிச் செருகிகளும் உருவான அத்தொழிற்சாலையின் சங்கொலியே பல வீடுகளுக்குக் கடிகாரம். முதல் ஷிப்டு முடிந்தவர் மாலையில் வீட்டிலிருப்பர். இரண்டாம் ஷிப்டுக்குச் சென்றவர் வீட்டில் பெண்டிரும் முதியோரும் இருப்பர். இருவகை வீட்டிலும் அந்தி வேளையில் வானொலி ஒலிக்கும். அண்மையில் விவேக்நகரில் 1971இல் தோன்றிய குழந்தை இயேசு திருத்தலம் வியாழக்கிழமைகளில் சமயவேறுபாடின்றி மக்களை ஈர்த்தது. ஆயினும் நகரத் திருச்சபைகளில் எந்த மொழியில் வழிபாடு என்பது நெடுங்காலம் வாதத்திற்குரியதாகவே இருந்து வந்தது. கோயிலில் மொழி குறித்து வழக்கு நடந்த காலத்தும், வீட்டு வானொலிப் பெட்டியில் முள்ளைத் திருப்பினால் தமிழ் கிடைத்தது. இதன் அருமையைக் குடிபெயர்ந்தோரே அறிவர்.

சமயமும் வானொலியும் இணைந்த வரலாறு வானொலியின் வயதை ஒத்தது. அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரில் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டே திங்களில், 1921 சனவரி 2ஆம் நாள், ஒரு தேவாலய வழிபாட்டை அப்படியே ஒலிபரப்பிற்று. 1931 பிப்ரவரி 12இல் மார்க்கோனியே அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலி பிறந்தது. அவ்வாண்டின் கிறிஸ்துமசு நாளில் தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில், கீட்டோ நகரில் எச்.சி.ஜே.பி. என்னும் சிறு நற்செய்தி நிலையம் எழுந்தது. அந்நாட்டில் அப்போது இருந்த வானொலிப் பெட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பர். கேட்பவர் வருமுன்னரே பேசத் துணிந்தவர்கள் அவர்கள்.

நம் பக்கத்திற்கு வருவோம். கொழும்பு வானொலி 1925இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமை, வீரர்களுக்காக இலங்கையின் ஏகலையில் நூறு கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவியது. போர் ஓய்ந்தபின் அஃது இலங்கைக்குக் கிடைத்தது. போருக்கென எழுந்த அக்கோபுரத்திலிருந்தே பின்னாளில் திரைப்பாடல்கள் தென்னிந்தியா முழுதும் பரவின. 1952இல் அமைச்சர் பி.வி. கேசுகர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, மக்கள் செவி கொழும்பின் பக்கம் திரும்பியது. எஸ்.பி. மயில்வாகனனும், அவருக்குப் பின் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் நம் வீட்டுப் பிள்ளைகளாயினர். அவ்வர்த்தக ஒலிபரப்பில் நேரத்தை விலைக்குப் பெற்றே நற்செய்தி நிகழ்ச்சிகள் நுழைந்தன. சோப்பு விளம்பரத்திற்கும் வேதவாசகத்திற்கும் அங்கே ஒரே மணிக்கணக்குத்தான்! 'சத்திய வசனம்' அவ்வாறு ஒலித்தவற்றுள் ஒன்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1965இல் எழுந்த இந்திய எவாஞ்சலிக்கல் மிஷனின் முதல் பொதுச் செயலாளரான தியோடர் வில்லியம்ஸ், அந்நிகழ்ச்சியின் தமிழ்ப் பேச்சாளர்களுள் ஒருவர். நம் நகரத்தவர் ஒருவரின் குரல் கொழும்பின் வழியாக நம் நகரத்திற்கே வந்தது.

எனினும் 'எங்கள் வானொலி' என்று என் அண்டை வீட்டார் சுட்டியது இதனினும் நெடுந்தொலைவு சுற்றி வந்த ஒன்றை. அது பேபா எனப்படும் தூரக்கிழக்கு ஒலிபரப்புச் சங்கத்தின் சீசெல்சு நிலையம். அதன் மூல நிறுவனம் 1945இல் அமெரிக்காவில் தோன்றி, 1948இல் மணிலாவிலிருந்து முதன்முதலாக ஒலிபரப்பியது. அதன் பிரித்தானியக் கிளை 1970இல் இந்துமாக்கடலின் சீசெல்சுத் தீவுகளில் நிலையம் கண்டது. மாகே தீவின் கரையோரத்துப் பவழப் பாறைகளின்மீது, கடலுக்குள்ளேயே, அலைபரப்பும் கம்பங்களை நட்டனர். உப்புநீர் நல்ல மின்கடத்தி ஆதலின் அலை தாழ்ந்த கோணத்தில் தடையின்றிக் கிளம்பி நெடுந்தொலைவு செல்லும் என்பது பொறியாளர் கணக்கு. இடையிலே 1976இல் அத்தீவுகள் விடுதலை பெற்றன. 1977இல் ஆட்சிக்கவிழ்ப்பும் கண்டன. நிலையம் தொடர்ந்து ஒலித்தது. 1770இல் அத்தீவுகளில் குடியேறிய முதற் குழுவிலேயே ஐந்து இந்தியர் இருந்தனர் என்பதும், தலைநகர் விக்டோரியாவில் இன்று தமிழர் எழுப்பிய விநாயகர் கோயில் உண்டு என்பதும் குடிபெயர்ந்தோர் மலரில் குறிக்கத்தக்க செய்திகள்.

பேபாவின் இந்தியப் பணிக்குப் பெங்களூர் தலைமையிடமாயிற்று. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் எனப் பல மொழிகளில் நிகழ்ச்சிகள் இந்திய மண்ணில் ஒலிநாடாவில் பதிவாகும். நாடாச் சுருள்கள் தீவுக்கு அனுப்பப்படும். அங்கிருந்து அவை சிற்றலையில் ஏறித் திரும்பிவரும். பெங்களூருக்கும் மாகே தீவுக்கும் இடையே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். நாடாவாகப் போனபோது ஒரு முறை, அலையாக வந்தபோது ஒரு முறை என அக்குரல் இருமுறை கடலைத் தாண்டியது. அக்காலத்தில் அகில இந்திய வானொலிக்கு அலைபரப்பிகளைச் செய்து தந்த பாரத் எலெக்ட்ரானிக்சு நிறுவனம் இதே நகரின் சாலகள்ளியில் இருந்தது என்பதை எண்ணும்போது சிறு நகை எழாமற் போகாது. அலைபரப்பி செய்யும் ஊரில், அவ்வூரார் பேச்சை ஒலிபரப்ப ஒரு சாண் இடமில்லை.

தமிழ் அச்சின் வரலாறு அறிந்தோர்க்கு இது புதுமையன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள தொன்மையான அச்சுநூல். அது பதினாறு பக்கச் சமய நூல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் அமைத்தபோது தமிழ் எழுத்துருக்கள் செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தன. ஒரு புதுக்கருவி தமிழைத் தொடும்போது அது கடல்வழி வந்ததும், சமயப் பணியாளர் கையிலே முதலில் இருந்ததும், பின்னர் அனைவர்க்கும் பொதுவானதும் நம் மொழி கண்ட பழைய பாதை. வானொலியில் அம்மூன்றாம் படி மட்டும் மிகத் தாமதமாகவே வந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

1978இல் வேறொரு குரல் இன்னும் அண்மையிலிருந்து வந்தது. டிரான்சு வேர்ல்டு ரேடியோ எனும் அமைப்பு, இலங்கையின் புத்தளத்தில் நானூறு கிலோவாட் ஆற்றலுள்ள மத்திய அலை ஒலிபரப்பியின் வழியே 882 கிலோஹெர்ட்சில் இந்திய மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கியது. தமிழ்க் கிறிஸ்தவப் பாடலாசிரியராகவும் அறியப்பட்ட எமில் ஜெபசிங் இப்பணியை இந்தியாவில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர். புத்தளம் அடுகோடிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பகலில் அது கேளாது. பொழுது சாய்ந்ததும் தெளிந்துவிடும். வானத்தின் அயன அடுக்குகளுள் தாழ்ந்தது பகலில் மத்திய அலைகளை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்குத் தேய்ந்துபோக, அலைகள் மேலடுக்கில் பட்டுத் தெறித்துத் தொலைவிலே இறங்கும். இவ்விளக்கம் நான் கல்லூரியில் கற்றது. அடுகோடிப் பெண்களோ, 'விளக்கு வைத்த பிறகுதான் அது வாய் திறக்கும்' என்று அதனை முன்னரே சொல்லிவிட்டார்கள்.

மணிலாவின் வேரித்தாசு வானொலியையும் மறத்தலாகாது. 1969இல் தொடங்கிய அக்கத்தோலிக்க நிலையத்தின் தமிழ்ப்பணியில் சமயத்தைவிட மொழியும் வாழ்வும் மிகுதியாக ஒலித்தன. ஈழப் போரின் ஆண்டுகளில், சிதறிய உறவுகளின் செய்திகளுக்கு அஃது ஒரு பாலமாக நின்றது. அந்நாளில் அதனைப் பொறுப்பேற்று நடத்திய அருட்தந்தை செகத் கசுபர் பெயர் உலகத் தமிழரிடையே பரவியதும் அதனாலேதான். நற்செய்தி என்னும் சொல்லுக்கு, பிரிந்த மகன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தியைவிடச் சிறந்த பொருள் ஒரு தாய்க்கு வேறெது?

இத்தனை நிலையங்களும் தொலைவில். அவற்றை உள்ளூர் ஆக்கியவை கடிதங்கள் என்பது என் துணிபு. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் தபால்பெட்டி எண் ஒன்று இருமுறை, நிறுத்தி நிறுத்திச் சொல்லப்படும். 'எழுதிக்கொள்ளுங்கள்' என்ற சொல் வருமுன்பே வீடுகளில் பென்சில் தேடுவார்கள். கேட்டவர் எழுதுவர், நிலையத்தார் மறுமொழி விடுப்பர், அஞ்சல்வழி வேதபாடம் வரும், வாரம் ஒருநாள் நேயர் கடிதங்கள் வாசிக்கப்படும். தன் பெயரும் தன் ஊரும் வானொலியில் சொல்லப்படுவதைக் கேட்பதினும் பெரிய சிறப்பு, வரிசை வீட்டில் வாழ்வோர்க்கு அந்நாளில் வேறென்ன இருந்தது?

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி, விதவை. கணவர் இருந்த காலத்தில் வாங்கிய வானொலிப் பெட்டியும், அதற்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்திய உரிமப் புத்தகமும் அவருடைய சொத்து. எண்பதுகளில் அவ்வுரிமக் கட்டணம் ஒழிந்த பின்னும் புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. நானோ பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்த சிறுவன். தமிழ் எனக்குப் பேச்சாகவே இருந்தது, எழுத்தாக இல்லை. 'நீ எழுது கண்ணு, நான் சொல்றேன்' என்று ஒருநாள் உள்நாட்டுக் கடிதத்தாள் ஒன்றை என்முன் வைத்தார். அன்று றகரமும் ரகரமும் எனக்கு ஒன்று. ணகர னகர வேறுபாடு என்பது கேள்விப்படாதது. என் தந்தையார் பிழை திருத்த, மூன்றாம் தாளிலேதான் கடிதம் உருப்பெற்றது. சில வாரங்கள் கழித்து அக்கடிதம் வாசிக்கப்பட்டது. என் பிழைகளை வாசிப்பவர் திருத்தி வாசித்தார் போலும். எனக்கு என் தமிழ் அவ்வளவு அழகாகக் கேட்டதே இல்லை. அதன்பின் திங்கள்தோறும் எழுதினோம். தமிழை நான் எழுதக் கற்றது பள்ளியிலன்று, அம்மூதாட்டியின் திண்ணையில், நான் சேராத ஒரு சமயத்தின் வானொலிக்காக.

வானொலி அவர்கள் பேச்சையும் மாற்றியது. தமிழ்க் கிறிஸ்தவ மொழி இரு கரை கண்டது. ஒருபுறம் தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் கீர்த்தனைகளும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'மும் தந்த இலக்கிய வளம். மறுபுறம் வடசொல் செறிந்த பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் பிரசங்க நடை. ஒலிவாங்கியின் முன் இரண்டும் தயங்கின. முகந்தெரியாத ஒருவருக்கு, அவர் வீட்டு அடுப்படியில் பேசவேண்டுமாயின் குரலைத் தாழ்த்த வேண்டும். வாக்கியத்தைச் சுருக்க வேண்டும். நல்ல பேச்சாளர் அதனைக் கற்றனர். சிலர் இறுதிவரை மேடைக் குரலை விடவில்லை. அவர்கள் வந்தால் மூதாட்டியே ஒலியைக் குறைத்துவிடுவார். பிற சமயத்தாரைக் குறைத்துப் பேசிய பேச்சும் எப்போதாவது வந்ததுண்டு. அந்நேரம் சுவருக்கு இப்பால் எங்களுக்குக் கேட்கிறதே என்று அவர் கூசியதும் எனக்குத் தெரியும்.

இதனாலேயே, சமய அமைப்புகளுக்கு நிலையம் தரலாகாது என்னும் விதியை நான் முழுவதும் பழிக்கத் துணியேன். 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி நிலையம் அண்டை வீட்டாரைக் கொல்லுமாறு மக்களைத் தூண்டிய கொடுமையை உலகம் கண்டது. மொழியாலும் சமயத்தாலும் பிரிந்த நகரில் அலைவரிசை நெருப்புக்கு ஒப்பானது. ஆயினும் விதி தடுத்தது பேச்சையன்று, அருகாமையையே. பேச்சு கடலுக்கு அப்பாலிருந்து வரத்தான் செய்தது. அதன் பொருளும் நிருவாகமும் அயலார் கையில் இருந்தன. அடுகோடி கேட்டது, எழுதியது, ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்ததில்லை.

வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சமுதாய வானொலி வேண்டிய 'பெங்களூர்ப் பிரகடனம்' நம் நகரில் எழுந்தது. நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் 2001 சூலையில் இங்கேயே தொடங்கியது, அது வணிகம். அக்காலத்தில், கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டையில், அலைவரிசை உரிமம் கிட்டாத சிற்றூர் மக்கள் 'நம்ம துவனி' என்னும் பெயரால் கம்பிவழியே வீடுகளுக்கு நிகழ்ச்சி அனுப்பினர். காற்று மறுக்கப்பட்டபோது கம்பியைப் பிடித்த அவர்கள் திறமை வியத்தற்குரியது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. அரசியற் கட்சிகளுக்கு அக்கொள்கை இடந்தரவில்லை. அடுகோடியின் நற்செய்தி வானொலி வெளியிலேயே நின்றது.

அதற்குள் கடலில் நின்ற கம்பங்கள் ஓய்ந்துவிட்டன. சீசெல்சு நிலையம் 2003இல் மூடப்பட்டது. வேரித்தாசு 2018இல் சிற்றலையை விட்டு இணையத்திற்குச் சென்றது. மைக்கோவும் பெயர் மாறிற்று. பழைய தொழிற்சாலை வளாகத்தில் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். இணையவழி ஒலிபரப்ப அலைவரிசை உரிமம் வேண்டுவதில்லையாதலின், இப்போது அடுகோடியின் ஒரு மாடியறையிலிருந்தே எவரும் தம் சபைக்கென ஒரு வானொலி நடத்தலாம். நானூறு கிலோவாட் வேண்டா. ஒலிவாங்கியும் கணினியும் போதும். கேட்பவர் செவியில் சிறு குமிழ் செருகித் தனியே கேட்பர். சுவருக்கு இப்பால் ஒன்றும் கேளாது.

மூதாட்டி மறைந்தபின் அவருடைய மகள் எனக்கு ஒரு தகரப்பெட்டியைத் தந்தார். உள்ளே நிலையத்தார் விடுத்த மறுமொழிகள், ஆண்டுவாரியாக நூலால் கட்டியவை. 'அன்பான சகோதரிக்கு' என்று தொடங்குவன அனைத்தும். அவற்றின் அடியில் என் கையெழுத்தில் அஞ்சலிடாத கடிதம் ஒன்று. முகவரி மட்டும் எழுதி, செய்தி எழுதாதது. அம்முகவரியைப் பல்லாண்டு கழித்து அன்றுதான் நிதானமாகப் படித்தேன். தீவு தீவு என்று நாங்கள் எண்ணி எழுதிய இடம் இதே பெங்களூர். எங்கள் வரிசை வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் இராது. ஒருநாளாவது நடந்து சென்று பார்த்திருக்கலாம். எங்கள் இருவருக்கும் அது தோன்றவேயில்லை.